சிக்னலில் மட்டும் சூடேறும் கார்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டார். கவிதை நமக்கு வராது. (அதற்கு சிவில் டிபார்ட்மெண்டில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள்!) எனக்குத் தெரிந்தது கார் என்ஜின்தான். அதிலும் ஒரே ஒரு கோளாறு. இன்பிளான்ட் டிரெயினிங்கில் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, மல்டிமீட்டர் வைத்து அளந்தது. ஆட்டோமொபைல் படிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். கடைசியில் மாட்டிய குற்றவாளி ட்ரிபிள்-இ காரர்களின் ஏரியாவைச் சேர்ந்தவன்.

கோளாறு இதுதான். பைபாஸில் எண்பது, தொண்ணூறில் போனால் டெம்பரேச்சர் முள் நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். ஊருக்குள் வந்து சிக்னலில் ஐந்து நிமிஷம் நின்றால் முள் கிடுகிடுவென்று மேலே ஏறும். ஏசியில் குளிர் காணாமல் போகும். டேஷ்போர்டில் மஞ்சள் கலரில் என்ஜின் படம் போட்ட விளக்கு விடாமல் எரியும். வண்டி ஒரு டாக்ஸி. ஓட்டுபவரே ஓனர். இன்னும் இரண்டு வருஷம் டியூ கட்ட வேண்டும். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட் மாற்றியாச்சு, வாட்டர் பம்ப் மாற்றியாச்சு, கூலன்ட் இரண்டு தடவை மாற்றியாச்சு. கடைசியாக, "ஹெட் காஸ்கெட் போயிருக்கும், ஹெட்டை இறக்கணும், 35 ஆயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். மனுஷர் எங்க ஷெட்டுக்கு வந்து நின்றபோது, "தம்பி, இறக்காம பாக்க வழி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.

வழி இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன். முதலில் அந்த மஞ்சள் விளக்கைப் பற்றிக் கொஞ்சம்.

மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ஜின் சூடாகிவிட்டது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். சூட்டுக்குத் தனி விளக்கு இருக்கிறது. அலை மேல் தெர்மாமீட்டர் மிதக்கிற மாதிரி படம், சிவப்பு நிறம். சிவப்பு வந்தால் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதுதான், பேச்சே கிடையாது. மஞ்சள் என்ஜின் படம் வேறு ஜாதி. அதன் அடிப்படை வேலை, புகையில் நச்சு கூடும்படியான கோளாறு ஏதாவது வந்தால் சொல்வது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லா கார்களிலும் ஓபிடி-2 என்ற இந்த சுய பரிசோதனை முறை கட்டாயமானது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு சேர்ந்து 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் லைனில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அதை அப்படியே ஓட்டினால் கன்வெர்ட்டர் காலி.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் கோட் கிடைக்கும். ஒரு எழுத்து, நாலு எண். 'பி' என்றால் என்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது. அடுத்த எண் பூஜ்யம் என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோட், ஒன்று என்றால் அந்தக் கம்பெனியின் சொந்த கோட். சூடு விஷயத்தில் அடிக்கடி கண்ணில் படுவது நாலைந்துதான். பி0117, பி0118 கூலன்ட் டெம்பரேச்சர் சென்ஸர் சர்க்யூட். பி0128 என்ஜின் போதுமான சூட்டுக்கே வரவில்லை என்று அர்த்தம். பி0217 அதிக சூடு. பி0480 ரேடியேட்டர் ஃபேன் கன்ட்ரோல் சர்க்யூட்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பி0118 வந்தால் உடனே சென்ஸரை மாற்றுவது. அந்த சென்ஸர் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். 20 டிகிரியில் சுமார் 2 முதல் 3 கிலோ ஓம் காட்டுவது, 80 டிகிரியில் சுமார் 300 ஓமுக்கு வந்துவிடும். ஈசியு உள்ளிருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பி, நடுவில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. இரண்டாம் செமஸ்டரில் நாம் போட்ட வோல்டேஜ் டிவைடர் கணக்கு, வேறொன்றும் இல்லை. சென்ஸர் கனெக்டரைக் கழற்றிவிட்டால் முழு 5 வோல்ட் நிற்கும். ஈசியு கணக்கில் அது மைனஸ் 40 டிகிரி! கோடைகால வேலூரில் மைனஸ் 40 வருமா? வராது என்று ஈசியுவுக்கும் தெரியும், அதனால் பி0118 போடும். இப்போது சொல்லுங்கள், சென்ஸர் போனாலும் அதே கோட், வயர் அறுந்தாலும் அதே கோட், எலி கடித்தாலும் அதே கோட். கோட் ஒரு தெருவைக் காட்டுகிறது. வீட்டு நம்பரை நாம்தான் தேட வேண்டும்.

சரி, ஏன் நிற்கும்போது மட்டும் சூடாகிறது? ஓடும்போதுதானே என்ஜின் அதிகம் உழைக்கிறது? இந்தக் கேள்வியை வைவாவில் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

சின்ன பெட்ரோல் கார் நின்றபடி ஓடும்போது மணிக்கு சுமாராக முக்கால் லிட்டர் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் இருக்கிறது. முக்கால் லிட்டருக்கு 24 மெகாஜூல். 3600 விநாடியால் வகுத்தால் கிட்டத்தட்ட 6.7 கிலோவாட். வண்டி நகரவில்லை, அதனால் வேலை என்று ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் சூடுதான். ஒரு கிலோவாட் அயர்ன் பாக்ஸ் ஏழு பானெட்டுக்குள் ஒரே நேரத்தில் எரிகிற மாதிரி. கொஞ்சம் சைலன்ஸர் வழியாகப் போய்விடும். மீதி கூலன்டில் ஏறும். ஏசி போட்டால் என்ஜினுக்குச் சுமை கூடும். அதோடு ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரும் தன் சூட்டை ரேடியேட்டர் மேலேயே ஊதும்.

ஓடும்போது சூடு இதைவிடப் பல மடங்கு. ஆனால் எதிர்க்காற்று இலவசமாகக் கிடைக்கிறது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அடிக்கிற காற்று ரேடியேட்டருக்குத் தாராளம். ஃபேன் சுற்றவே தேவையில்லை. நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் கதி. ஆக, நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் முதல் சந்தேகம் காற்றின் மேல். ஃபேன் சுற்றவில்லை, அல்லது மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறது. கூலன்ட் குறைவாக இருந்தாலோ, பம்ப் இம்பெல்லர் தேய்ந்திருந்தாலோகூட குறைந்த ஆர்பிஎம்மில் இதே குணம் தெரியலாம். தலைகீழாக, நின்றால் சரி, ஹைவேயில் மேடு ஏறும்போது சூடு என்றால் சந்தேகம் தண்ணீர் ஓட்டத்தின் மேல். ரேடியேட்டர் டியூப் அடைப்பு, பாதி திறந்து மாட்டிக் கொண்ட தெர்மோஸ்டாட், உறிஞ்சும் வேகத்தில் சப்பிப் போகிற கீழ் ஹோஸ்.

இந்த ஒரு கேள்வியை டிரைவரிடம் கேட்டிருந்தாலே முதல் ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட்டில் கை வைத்திருக்க மாட்டார்கள். எங்க ஃபோர்மேன் அண்ணன் வண்டியைத் தொடுவதற்கு முன் பத்து நிமிஷம் டிரைவரோடு டீ குடிப்பார். எனக்கு அது ஆரம்பத்தில் நேரத்தை வீணடிப்பதாகத்தான் தெரிந்தது. அந்த டீ நேரத்தில்தான், "ஏசியும் சிக்னல்ல நின்னா சூடா வருதுண்ணே, வண்டி நகர்ந்தா சரியாயிடுது" என்று டிரைவர் சொன்னார். ரேடியேட்டரும் கண்டென்ஸரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி திணறுகின்றன. இரண்டுக்கும் பொதுவானது என்ன? அந்தக் காரில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபேன்.

ஆனாலும் ஹெட் காஸ்கெட் என்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு அதைப் பார்க்காமல் விட முடியாது. சூடேறிய வண்டியில் காஸ்கெட் நிஜமாகவே போயிருக்கலாம். மறுநாள் காலை, என்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ரேடியேட்டர் கேப்பைத் திறந்தோம். இந்த இடத்தில் தயவுசெய்து கவனியுங்கள். கேப் என்பது வெறும் மூடி இல்லை, பிரஷர் வால்வு. 0.9 பார் அழுத்தம் தாங்குகிற கேப் இருந்தால் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. சூடான என்ஜினில் கேப்பைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் போய், உள்ளே இருப்பது மொத்தமும் கொதித்துக் கொண்டு முகத்துக்கு வரும். எங்க ஃபோர்மேன் அண்ணனின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வேறு நிறத்தில் இருக்கிறது. அது இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு கேப். துணியைச் சுற்றித் திறந்தால் பரவாயில்லை என்பதெல்லாம் கதை. மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் மெத்தென்று அமுங்க வேண்டும், கை சுடக்கூடாது. அதுவரை திறக்கக் கூடாது.

கூலன்ட் கழுத்து வரை இருந்தது. டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தம், பால் காபி நிறம் இல்லை. ஸ்டார்ட் செய்து பார்த்ததில் ஃபில்லர் கழுத்தில் விடாமல் குமிழி எதுவும் வரவில்லை. சைலன்ஸரில் வெள்ளைப் புகை இல்லை. பிறகு ஒரு நீல திரவ டெஸ்ட். கூலன்டுக்கு மேலே நிற்கும் காற்றை அந்த நீல திரவம் வழியாக உறிஞ்ச வேண்டும். சிலிண்டர் வாயு கசிந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு திரவத்தை மஞ்சளாக்கிவிடும். நம்ம கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் செய்ததை நினைத்துக் கொள்ளுங்கள், அதே இண்டிகேட்டர் சமாச்சாரம். திரவம் நீலமாகவே இருந்தது. டிரைவர் அண்ணன் அந்தக் குழாயையே பார்த்துக் கொண்டு நின்றார். "நீலம்னா நல்லதா தம்பி?" என்றார். "நல்லதுண்ணே" என்றேன். அப்போதுதான் அவர் உட்கார்ந்தார்.

இப்போது ஸ்கேனர். கிடைத்தது பி0480 ஒன்றுதான். முந்தைய ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்திருக்கிறார்கள். விளக்கு அணைந்ததைப் பார்த்து வண்டி சரியாகிவிட்டது என்று கொடுத்திருக்கிறார்கள். அது திரும்ப எரிந்திருக்கிறது. கோட் கூடவே 'ஃப்ரீஸ் ஃபிரேம்' என்று ஒரு பக்கம் இருக்கும். கோட் விழுந்த நொடியில் என்ஜின் எப்படி இருந்தது என்று ஈசியு எடுத்து வைக்கிற போட்டோ. அதைத் திறக்காமலேயே பலர் கோடை அழித்துவிடுகிறார்கள், மகா பாவம். இந்த வண்டியின் போட்டோவில் கூலன்ட் 52 டிகிரி. வேகம் பூஜ்யம். அதாவது என்ஜின் சூடாவதற்கு ரொம்ப முன்னாலேயே, காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிஷத்திலேயே, ஃபேன் சர்க்யூட் கோளாறு என்று ஈசியு சொல்லிவிட்டது. சூட்டால் வந்த கோளாறு இல்லை இது. கோளாறு முதலில், சூடு பிறகு.

இனி ட்ரிபிள்-இ நண்பர்கள் முன்வரிசைக்கு வரவும். ஃபேன் சர்க்யூட் இரண்டு பாதி. ஒன்று பெரிய கரண்ட் போகும் பாதி: பேட்டரி, ஃபியூஸ், ரிலேயின் 30-ம் 87-ம் பின்கள், மோட்டார், எர்த். இன்னொன்று சின்ன கரண்ட் பாதி: ரிலே காயிலின் 85, 86 பின்கள், அதை எர்த் செய்து இழுக்கிற ஈசியு. ஈசியு நேரடியாகப் பார்ப்பது சின்னப் பாதியை மட்டும். இதை நன்றாக மனசில் வைத்துக் கொள்ளுங்கள். மோட்டார் கருகியிருந்தாலும், ஃபியூஸ் போயிருந்தாலும், இப்படிப்பட்ட சாதாரண சர்க்யூட்டில் பி0480 வராமலே போகலாம். கோட் இல்லை என்பதால் ஃபேன் நல்லது என்று சொல்ல முடியாது.

முதலில் ஏசி ஆன். ஏசி போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும், அந்தக் காரின் ஏற்பாடு அப்படி. சுற்றவில்லை. மோட்டார் கனெக்டரைக் கழற்றி பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட வயரில் நேரடியாக சப்ளை கொடுத்தோம். ஜம்மென்று சுற்றியது. மோட்டார் நிரபராதி. கனெக்டரைத் திரும்ப மாட்டி, ரிலேயைக் கழற்றி, சாக்கெட்டில் 30-ஐயும் 87-ஐயும் வயரால் இணைத்தோம். சுற்றியது. பெரிய பாதி முழுவதும் நிரபராதி. இரண்டே டெஸ்டில் பாதி வண்டி கழிந்துவிட்டது! அடுத்து ரிலே. அதே நம்பர் போட்ட ஹார்ன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்த்தோம், பலன் இல்லை. ரிலேயும் நிரபராதி. இக்னிஷன் ஆனில் 85-ல் 12 வோல்ட் வந்தது. ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஏசி போட்டதும் ஃபேன் கமாண்ட் 'ஆன்' என்று காட்டியது. ஈசியு கேட்கிறது. ஆனால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 86 சாக்கெட்டுக்கு டெஸ்ட் லாம்ப் பிடித்தால் எரியவில்லை. கேட்பது வந்து சேரவில்லை.

மிச்சம் ஒரே ஒரு வயர். இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரியைக் கழற்றி, ஈசியு கனெக்டரிலிருந்து 86 வரை கன்டின்யூட்டி பார்த்தோம். ஓப்பன். ஹார்னஸைக் கையால் ஒவ்வொரு அடியாக அசைத்துக் கொண்டே போனபோது பேட்டரி ட்ரேக்குக் கீழே மீட்டர் ஒரு தடவை 'பீப்' என்று கத்தி அடங்கியது. டேப்பைப் பிரித்தால், இன்சுலேஷன் வெளியே முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாகிக் கிடக்கிறது. ஆறு மாசத்துக்கு முன்னால் முன் பம்பர் வேலை பார்த்தபோது ஹார்னஸ் ட்ரே விளிம்பில் மாட்டி நசுங்கியிருக்கிறது. அதில் பேட்டரியின் ஆசிட் வேறு. மூன்று அங்குல வயர், ஈயம் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடினோம்.

எல்லா வண்டியிலும் இப்படிச் சுத்தமாக 'ஓப்பன்' என்று கிடைக்காது. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிறது என்றால் வோல்டேஜ் ட்ராப் பார்க்க வேண்டும். ஃபேன் ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை மோட்டாரின் எர்த் பின்னிலும் வைக்க வேண்டும். கால் வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் துரு. ஓம் மீட்டரில் இது தெரியாது. ஒரே ஒரு இழை ஒட்டிக் கொண்டிருந்தாலும் ஓம் மீட்டர் 'சரி' என்று சொல்லிவிடும். பத்து ஆம்பியர் போகும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும்.

நம்ம ஊர் கைவைத்தியம் இரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, "நம்ம வெயிலுக்கு எதுக்குப்பா தெர்மோஸ்டாட்?" என்று கழற்றி எறிவது. தெர்மோஸ்டாட் உள்ளே மெழுகு அடைத்த சின்ன குப்பி. 82 அல்லது 88 டிகிரியில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். கழற்றிவிட்டால் என்ஜின் சூடேற நேரம் பிடிக்கும். ஈசியு அதைக் குளிர்ந்த என்ஜின் என்று நினைத்து பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். மைலேஜ் போகும், பி0128 வரும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூட வேண்டும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டும்!

இரண்டாவது, 'ஃபேன் டைரக்ட்'. ஒரு சுவிட்ச் வைத்து டிரைவர் கையில் கொடுத்துவிடுவது. இந்த டாக்ஸிக்கும் ஒருவர் அதைத்தான் சொன்னாராம், 300 ரூபாய் வேலை. நடுரோட்டில் மாட்டிக் கொண்டால் வீடு போய்ச் சேர அது தப்பில்லை என்பது என் கட்சி. நிரந்தரமாக என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஏர்போர்ட் சவாரி முடித்து வரும் மனுஷன் சுவிட்சை ஒருநாள் மறப்பான். அலுமினிய ஹெட் வளைய அந்த ஒருநாள் போதும். இன்னொன்று, கூலன்ட் ரொம்பக் குறைந்து போனால் சென்ஸர் தண்ணீரில் இல்லாமல் வெறும் ஆவியில் நிற்கும். உள்ளே எரிந்து கொண்டிருக்கும்போது முள் கீழே இறங்குவதும் உண்டு. முள் திடீரென்று விழுந்தால் சந்தோஷப்படாமல் வண்டியை நிறுத்துங்கள். சூடான என்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் டீக்கடை பாய்லரில் படிகிற அதே உப்பு அங்கேயும் படியும். நின்று ஓரம் கட்ட வழியில்லாத டிராஃபிக்கில் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். ஹீட்டர் என்பது உள்ளே இருக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டர். வியர்த்துக் கொட்டும், என்ஜின் பிழைக்கும்.

டாக்ஸிக்கு வருவோம். வயரைச் சேர்த்த பிறகு கோடை அழித்து, ஏசி போட்டு, வெயிலில் இருபது நிமிஷம் ஐடிலில் விட்டோம். ஏசி போட்டதுமே ஃபேன் ஓடியது. ஏசியை அணைத்தோம். லைவ் டேட்டாவில் 97 வந்ததும் ஃபேன் பிடித்தது, 92-ல் விட்டது. திரும்ப 97, திரும்ப 92. நாலு சுற்று பார்த்தோம். பிறகு என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, சாயங்காலம் திரும்ப ஸ்டார்ட் செய்து கோட் வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. ஸ்கேனிங், லேபர், நீல திரவம் எல்லாம் சேர்த்து பில் 850 ரூபாய். டிரைவர் அண்ணன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, ராத்திரி சவாரிக்கு ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஃபோர்மேன் அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு ஹார்னஸை ட்ரே விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, புது கிளிப் போட்டுக் கட்டச் சொன்னார். கட்டி முடித்து, இழுத்துப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.